முந்திரிக் காட்டிலிருந்து மூங்கில் காட்டுக்கு – பகுதி 9: ஐந்து பேர்

சென்ற வாரம் ஆண்டிமடத்தில் நிறுத்தியிருந்தோம். 1997-இல் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குள் புகுந்த தமிழ்நாடு விடுதலைப் படையினர், அங்கிருந்த துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று ஆண்டிமடம், செந்துறை, பொன்பரப்பி, அரியலூர் எல்லாமே பெரம்பலூர் மாவட்டம். திருச்சியிலிருந்து பிரிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது.

அதற்கும் பத்து ஆண்டு முன்னால், 1987 செப்டம்பர் 1-ஆம் தேதி, பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்கு வந்த, அந்தப் படையைத் தொடங்கிய தமிழரசனும் அவருடைய தோழர்கள் நால்வரும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும் அதே எண்பதுகளில்தான். 1956 நவம்பரில் வெள்ளம் ரயிலைக் கொண்டுபோனதும், அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் இதே மருதையாற்றால்தான். அந்தச் சின்ன ஆறு இத்தனை உயிர்களைக் கண்டிருக்கிறது.

தமிழரசன் போனதோடு எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். படை சிதறியது உண்மைதான். ஆனால் சிதறியவர்களில் சிலர் மேற்கே நடந்தார்கள்.

ஏன் மேற்கே? நம் பக்கத்து முந்திரிக் காட்டில் ஓரிரு நாள் பதுங்கலாம், வருடக்கணக்கில் பதுங்க முடியாது. கூப்பிடு தூரத்தில் ஊர், குறுக்கே தார்ச்சாலை, சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் இரவும் பகலும். சத்தியமங்கலம், தாளவாடி, மாதேஸ்வரன் மலை என்று தொடரும் காடு அப்படியல்ல. அங்கே ஒரு மனிதர் ஏற்கெனவே பல ஆண்டுகளாக இரண்டு மாநிலக் காவல்துறைக்கும் பிடிகொடுக்காமல் இருந்தார்: வீரப்பன்.

1998 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்து வெள்ளித்திருப்பூர் காவல் நிலையம் தாக்கப்பட்டது. ஆண்டிமடத்தில் நடந்ததைப் போலவே அங்கும் குறி, ஆயுதம். வீரப்பனோடு தமிழ்நாடு விடுதலைப் படை கைகோத்துவிட்டது என்று காவல்துறை உறுதியாகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கூட்டு என்னவாக முடியும் என்பது ஒன்றரை ஆண்டு கழித்துத் தெரிந்தது.

* * *

2000 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை

ஆடி அமாவாசை இருட்டு. தாளவாடியை ஒட்டிய தொட்டகாஜனூரில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார் ராஜ்குமார். கன்னடத் திரையுலகின் பெருந்தலைவர், வயது 71. கர்நாடகம் அவரைக் கொண்டாடினாலும் அவர் பிறந்த காஜனூர் இருப்பது தமிழ்நாட்டு எல்லைக்குள். வெள்ளைக்காரன் காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டம், 2000-இல் ஈரோடு மாவட்டம்.

இரவு ஒன்பதரை மணி அளவில் வீரப்பன் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு உள்ளே வந்தார். ராஜ்குமாரை அழைத்துப் போனார். கூடவே அவருடைய மருமகன் கோவிந்தராஜ், உறவினர் நாகேஷ், உதவி இயக்குநர் நாகப்பா.

போகும்போது ராஜ்குமாரின் மனைவி பர்வதம்மாவின் கையில் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தார்கள். கர்நாடக முதலமைச்சரிடம் சேர்க்கச் சொன்னார்கள்.

எல்லைப் பக்கம் வருவது ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்ததாகத் தமிழக அரசு சொன்னது. ஆனால் அவர் வந்தது சொந்த ஊருக்கு. பிறந்த மண்ணுக்கு வரும் மனிதரைப் போய் யார் தடுப்பது?

விடிந்தபோது பெங்களூரில் கடைகள் அடைக்கப்பட்டிருந்தன. பேருந்துகள் மீது கல் விழுந்தது. தமிழ்ப் படம் ஓடிய திரையரங்குகள் கதவை மூடின. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அங்கிருந்த தமிழர்களின் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு மாதம்: 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான மறுநாளே தொடங்கிய கலவரத்தில் வீடு வாசலை விட்டு ஓடிவந்த பல்லாயிரம் பேரை அவர்கள் மறந்திருக்கவில்லை.

* * *

இரண்டு முதலமைச்சர்கள்

ஜூலை 31 அன்றே கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா சென்னைக்குப் பறந்துவந்து தமிழக முதல்வர் கலைஞர் கருணாநிதியைச் சந்தித்தார்.

இதன் கனத்தை உணர அன்றைய அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிருஷ்ணா காங்கிரஸ்காரர், முதல்வராகி பத்து மாதம்கூட ஆகவில்லை. கருணாநிதியின் தி.மு.க., டெல்லியில் வாஜ்பாய் அரசில் பங்கு வகித்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். காவிரியில் இரண்டு மாநிலமும் நீதிமன்றப் படிகளில் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. கட்சியும் வேறு, தண்ணீர் வழக்கும் தீரவில்லை. இருந்தும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டியிருந்தது.

கடத்தல் நடந்தது தமிழ்நாட்டு மண்ணில். ஆகவே சட்டம் ஒழுங்குப் பொறுப்பு சென்னைக்கு. கடத்தப்பட்டவரோ கர்நாடகத்தின் உயிர். அவருக்கு ஒன்று நேர்ந்தால் எரியப்போவது பெங்களூர். அங்கே முதலில் அடிபடப்போவது தமிழர்கள். அதாவது காட்டுக்குள் நான்கு பேர் பிணைக்கைதிகள் என்றால், காட்டுக்கு வெளியே ஒரு மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் முழுவதும் பிணைக்கைதிகள். இரண்டு அரசுகளும் இதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கவில்லை. பின்னால் நீதிமன்றத்தில் அவர்கள் முன்வைத்த முதன்மையான வாதமே இதுதான்.

அதிரடிப்படையைக் காட்டுக்குள் அனுப்புவதில்லை என்று முடிவானது. தூதரை அனுப்புவது என்று முடிவானது. அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் துப்பாக்கி முனையில் இருக்கும்போது வேறு எதைச் செய்திருக்க முடியும்? குறை, அதன் பிறகு நடந்தவற்றில் இருக்கிறது.

* * *

பத்துக் கோரிக்கைகள்

வீரப்பன் ஆள் கடத்துவது முதல்முறையல்ல. 1994-இல் ஒரு காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளரைப் பிடித்து வைத்தார். 1997-இல் கர்நாடக வனத்துறையினரைப் பிடித்து வைத்தார். அப்போதெல்லாம் அவர் கேட்டது அவருக்காக: பணம், பொதுமன்னிப்பு.

2000-இல் கேட்ட பத்தில் சிலவற்றைப் படித்துப் பாருங்கள். காவிரி இடைக்காலத் தீர்ப்பின்படி 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும். 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு வேண்டும். கர்நாடகத்தில் தமிழ் கூடுதல் ஆட்சிமொழி ஆக வேண்டும். பெங்களூரில் மூடிக் கிடக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும். நீலகிரியில் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் வேண்டும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிக்கு நாள் கூலி 150 ரூபாய் வேண்டும். அதிரடிப்படையின் கொடுமைகளை விசாரிக்கும் சதாசிவா குழுவுக்கு விதிக்கப்பட்ட தடையை நீக்க வேண்டும்.

இதில் மாஞ்சோலை எங்கே, வீரப்பன் எங்கே? திருநெல்வேலி தாமிரபரணிக் கரையில் 1999 ஜூலை 23 அன்று 17 உயிர்கள் போன பிறகு தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட கூலிக் கேள்வி அது. யானைத் தந்தமும் சந்தனக் கட்டையும் கடத்தியவரின் கவலை அல்ல. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்களின் கவலை. மாறன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப் படையினர் அப்போது அவரோடு காட்டில் இருந்தார்கள்.

பொன்பரப்பியில் அறுந்துபோன ஒரு பேச்சு, பதின்மூன்று ஆண்டு கழித்து இன்னொருவர் குரலில், ஒலிநாடாவில் ஏறி, இரண்டு தலைமைச் செயலகங்களுக்குள் நுழைந்தது என்பதுதான் இந்தப் பட்டியல் எனக்குச் சொல்வது. இத்தனை நாளாகப் பொன்பரப்பிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே இந்தத் தொடர் தேடிக்கொண்டிருந்த கண்ணி இதுவே.

பட்டியலில் இன்னும் இரண்டு கோரிக்கைகள் உண்டு. பேச்சுவார்த்தையின் முடிச்சு அவற்றில்தான் விழுந்தது.

ஒன்று: மைசூரில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட 51 பேரை விடுவிக்க வேண்டும்.

மற்றொன்று: தமிழ்நாட்டுச் சிறைகளில் இருக்கும் ஐந்து பேரை விடுவிக்க வேண்டும்.

அந்த ஐந்து பேர் யார்? தமிழரசன் தொடங்கிய படையோடும் அதை ஒத்த இன்னோர் அமைப்போடும் தொடர்புடையவர்கள் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள். காவிரி பற்றி அரசு பதில் எழுதலாம், சிலை பற்றிப் பேசிப் பார்க்கலாம் என்று இழுக்கலாம். ஐந்து பேரை விடுவது பற்றி அப்படி இழுக்க முடியாது. சிறைக் கதவு திறந்ததா இல்லையா என்று காட்டுக்குள் வானொலி கேட்பவனுக்கும் தெரிந்துவிடும்.

* * *

தூதர்

தூதராகப் போனவர் நக்கீரன் ஆசிரியர் கோபால். 1997-இலும் அவரே போயிருந்தார். வீரப்பன் நம்பிய மிகச் சில வெளியாட்களில் அவர் ஒருவர். அரசு அதிகாரியல்ல என்பதே அவருக்கு இருந்த தகுதி.

இது நம் ஊரில் கண்டுபிடிக்கப்பட்ட வழியல்ல. 1962 பிப்ரவரியில் பெர்லின் அருகே க்ளீனிக்கே பாலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தத்தம் கைதிகளை மாற்றிக்கொண்டபோது பேரத்தை முடித்தவர் ஜேம்ஸ் டோனவன் என்ற நியூயார்க் வழக்கறிஞர். அரசுப் பதவி எதுவும் இல்லாமல்தான் கிழக்கு பெர்லினுக்குப் போனார். பேச்சு முறிந்தால் நாங்கள் பேசவே இல்லை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். பேச்சு பலித்தால் பெயரை எடுத்துக்கொள்ளலாம். தூதரின் உயிருக்கு மட்டும் எந்தப் பக்கமும் பொறுப்பில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கோபால் காட்டுக்குள் போனார். திரும்பி வரும்போதெல்லாம் ஒலிநாடாவும் வீடியோவும் கொண்டுவந்தார். ராஜ்குமார் உயிரோடு இருக்கிறார் என்று கர்நாடகம் நம்பியது அந்த வீடியோக்களைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான். இரண்டு முதல்வர்களும் மீண்டும் கூடினார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் தயாரானது. அதை எடுத்துக்கொண்டு தூதர் மறுபடி காட்டுக்குப் போனார்.

கோரிக்கைகளும் பதில்களும் செய்தித்தாளில் வந்தன. ஆனால் எந்தக் கோரிக்கையை எவ்வளவு தூரம் தளர்த்திக்கொள்ள இரண்டு பக்கமும் தயார் என்பது மூன்று நான்கு பேருக்குள்ளேயே ஓடியது. எட்டு மாதத்துக்கு முன்தான் காந்தகார் விமானக் கடத்தல் நடந்திருந்தது. 1999 டிசம்பர் 31 அன்று விமானப் பயணிகளுக்காக மூன்று பேரைச் சிறையிலிருந்து அழைத்துக்கொண்டு வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே போனார். மத்திய அரசே அப்படிச் செய்த பிறகு சென்னையையும் பெங்களூரையும் பார்த்து, கைதியைக் கொடுத்து ஆளை மீட்காதே என்று யார் சொல்ல முடியும்?

ஆகஸ்ட் நடுவில் பெங்களூரிலும் சென்னையிலும் ஒரு சட்டப் பிரிவைத் தேடி எடுத்தார்கள்.

* * *

பிரிவு 321

அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவு சின்னது. நீதிமன்றத்தின் இசைவோடு அரசு வழக்கறிஞர் ஒரு வழக்கை, அல்லது வழக்கின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்றது.

மைசூர் தனி நீதிமன்றத்தில் கர்நாடக அரசு வழக்கறிஞர் மனுப் போட்டார். தடாக் குற்றச்சாட்டுகளை மட்டும் கைவிடுகிறோம், எல்லைப்புற மக்களிடையே அமைதி திரும்ப வேண்டும் என்பதே அதன் சாரம். தடா போய்விட்டால் ஜாமீன் எளிது. நீதிமன்றம் இசைந்தது. கைதிகள் ஜாமீன் கேட்டார்கள், அரசு எதிர்க்கவில்லை. தமிழ்நாட்டிலும் ஐவர் தொடர்பாக இதே பாதையில் நடவடிக்கை தொடங்கியது.

இங்கே கொஞ்சம் நின்று அந்த 51 பேரைப் பார்க்க விரும்புகிறேன். செய்தித்தாள்களில் அவர்கள் அப்போது ஓர் எண்ணாக மட்டுமே வந்தார்கள்.

1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடி வெடித்து 22 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து மலைக் கிராமங்களில் அதிரடிப்படை ஆட்களைப் பிடித்தது. மைசூர்ச் சிறையில் இருந்தவர்களில் பலர் அப்போது பிடிபட்டவர்கள். ஆடு மாடு மேய்த்தவர்கள், விறகு வெட்டியவர்கள், எல்லையோரத்துத் தமிழ் பேசும் ஏழைகள். பெண்களும் இருந்தார்கள். தடாச் சட்டமே 1995-இல் காலாவதியானது. ஆனால் அதன்கீழ் ஏற்கெனவே போட்ட வழக்குகள் சாகவில்லை. ஏழு ஆண்டு ஆகியும் வழக்கில் தீர்ப்பு வரவில்லை.

அந்த ஏழு ஆண்டும் இவர்களுக்காகப் பேசியவர்கள் மனித உரிமைக்காரர்கள் மட்டும். மாதேஸ்வரன் மலை முகாமில் நடந்த சித்திரவதை பற்றிச் சாட்சி சொல்லக் கிராமத்தார் முன்வந்ததும், தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதையும் நீதிமன்றத் தடை நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு அரசுகளும் இந்தக் கைதிகளை நினைத்துப் பார்த்தது ஒரு நடிகர் காணாமல் போன பிறகு. விசாரணையை விரைவாக முடித்திருந்தால் பெரும்பாலோர் அப்போதே வீட்டில் இருந்திருப்பார்கள். 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது அதுதான் நடந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோரை நீதிமன்றம் விடுவித்தது. நியாயப்படி எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டியவர்களை அரசுகள் விலைப்பொருளாக எடுத்து மேசை மீது வைத்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த விலையைக் கொடுக்கக்கூடாது என்று ஒருவர் எழுந்தார். அவருடைய கோபமும் நியாயமானது.

* * *

ஒரு தந்தை

1992 ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே வீரப்பன் பதுங்கியிருந்து நடத்திய தாக்குதலில் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் துணை ஆய்வாளர் ஷகீல் அகமதும் கொல்லப்பட்டார்கள். ஷகீல் அகமதின் தந்தை அப்துல் கரீம். மகன் இறந்த வழக்கில் தொடர்புடையவர்களும் இந்தத் தடாக் கைதிகளில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மைசூர் நீதிமன்றத்தில் எதிர்த்தார். அங்கே தோற்றதும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

இரண்டு மாநில அரசுகள், இரண்டு முதலமைச்சர்கள், கொந்தளிக்கும் ரசிகர் கூட்டம், பற்றி எரியக் காத்திருக்கும் நகரம். இவ்வளவுக்கும் எதிரே ஒரு முதியவர். ராஜ்குமார் உயிரோடு திரும்பக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. என் மகன் உயிருக்கும் ஒரு மதிப்பு உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை அன்று கர்நாடகத்தில் நின்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுதலைக்குத் தயாராக இருந்த கதவுகளை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இறுதித் தீர்ப்பு வரும்வரை யாரையும் வெளியே விடக் கூடாது.

காட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும்? அரசு கொடுத்த வாக்கை இன்னொரு கை பிடுங்கிக்கொண்டது. அந்தக் கை அரசின் கை அல்ல, அரசால் அதைத் தடுக்க முடியாது என்று தூதர் போய் விளக்க வேண்டும். நீதிமன்றத்தைச் சாக்காக வைத்து நாடகம் ஆடுகிறீர்கள் என்று அவர்கள் சொன்னால் அதற்கு என்ன பதில்? ரகசியப் பேச்சு என்பது நம்பிக்கை ஒன்றின் மேல் மட்டுமே நிற்பது. அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் இங்கே விழுந்தது.

செப்டம்பர் கடைசியில் நாகப்பா காட்டிலிருந்து தப்பி வந்துவிட்டார். நிலைமை இன்னும் பதற்றமானது. ஒருவர் தப்பியதற்கு மற்ற மூவர் மீது கோபம் திரும்புமோ என்று இரண்டு தலைநகரங்களும் அஞ்சின.

அப்போது கோபாலோடு வேறு சிலரும் சேர்ந்தார்கள். பழ. நெடுமாறன், பேராசிரியர் கல்யாணி, புதுச்சேரி சுகுமாரன். இவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல. தமிழ்த் தேசியத்துக்கும் மனித உரிமைக்கும் நின்றவர்கள். நெடுமாறனின் சொல்லுக்கு மாறன் தரப்பு காது கொடுக்கும் என்பது கணக்கு. இந்தத் திருப்பம் தற்செயல் அல்ல. காட்டுக்குள் முடிவெடுப்பது வீரப்பன் ஒருவர் மட்டுமல்ல, தமிழரசனின் வழிவந்தவர்களும்தான் என்பதை அரசுகள் தாமதமாகவேனும் புரிந்துகொண்டதன் அடையாளம் அது.

கணக்கு ஓரளவு பலித்தது. அக்டோபர் நடுவில் கோவிந்தராஜ் விடுவிக்கப்பட்டார். காட்டில் மிச்சம் இருந்தவர்கள் இருவர்: ராஜ்குமார், நாகேஷ்.

* * *

நூறாவது நாள்

நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. கடத்தல் நடந்து சரியாக 100 நாள்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பரூச்சா, மொகபாத்ரா, சபர்வால் மூவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தடா வழக்குகளைத் திரும்பப் பெறக் கொடுத்த இசைவு செல்லாது. அதன் பேரில் கொடுத்த ஜாமீனும் செல்லாது. தமிழ்நாட்டின் ஐவருக்கும் அதே முடிவு.

காரணங்களை அவர்கள் விரிவாக எழுதினார்கள். அரசு வழக்கறிஞர் அரசு சொன்னதை நீதிமன்றத்தில் ஒப்பிக்கும் ஆள் அல்ல. வழக்கைக் கைவிடுவது பொதுநலனுக்கு உகந்ததா என்று அவரே சொந்தமாக ஆராய்ந்து முடிவுக்கு வர வேண்டும். நீதிமன்றமும் அப்படி ஆராய்ந்தாரா என்று பார்த்த பிறகே இசைய வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. கலவரம் வரும் என்ற அச்சத்தை மட்டும் சொன்ன அரசுகள், இவர்களை விடுவித்தால் என்ன ஆகும், காவல்துறையினரின் மனம் என்ன ஆகும், வீரப்பன் உண்மையிலேயே ராஜ்குமாரை விடுவாரா என்பதை எடைபோட்டதற்கு ஆதாரமே காட்டவில்லை.

இத்தனை ஆண்டும் வீரப்பனை ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வியையும் இரண்டு மாநிலங்களையும் பார்த்து நீதிபதிகள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தீர்ப்பைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் ஒரே நேரத்தில் வந்தன, இன்றும் இரண்டையும் விட முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் இதைவிடச் சரியான தீர்ப்பு இருக்க முடியாது. ஆயுதம் வைத்திருப்பவன் கேட்டான் என்பதற்காக வழக்கைக் கைவிடும் அரசு நாளை எதையும் கைவிடும். ஆனால் அதே தீர்ப்பு நாளில் மைசூர்ச் சிறையில், செய்யாத குற்றத்துக்கு எட்டாவது ஆண்டில் காலடி வைத்துக்கொண்டிருந்த மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு அது என்ன சொன்னது? பேரத்தில் அவளைச் சேர்த்தபோதும் யாரும் அவளைக் கேட்கவில்லை. பேரம் ரத்தானபோதும் கேட்கவில்லை.

அன்று மாலை நிலவரம் இது. அரசுகள் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மிகப் பெரிய இரண்டு விஷயங்களும் சட்டப்படி கையைவிட்டுப் போயின. 51 பேர் மைசூரில். ஐந்து பேர் தமிழ்நாட்டுச் சிறையில். காட்டில் இருவர். எந்த விலைக்காக நூறு நாள் பேசினார்களோ அந்த விலையைக் கொடுக்க இனி எந்த முதலமைச்சராலும் முடியாது.

பேச்சு முறிந்தது என்றே பலரும் முடிவு கட்டினார்கள். கர்நாடகத்தில் காவல்துறை உச்சகட்ட எச்சரிக்கையில் இருந்தது.

அந்த நிலையில் மறுபடியும் ஒரு குழு காட்டுக்குப் புறப்பட்டது. இந்த முறை முன்னால் நின்றவர் நெடுமாறன். உடன் கொளத்தூர் மணி.

நவம்பர் 15 அன்று, 108-ஆம் நாள், ராஜ்குமார் காட்டைவிட்டு வெளியே வந்தார். உடல் தளர்ந்திருந்தது, உயிர் இருந்தது. பெங்களூர் பட்டாசு வெடித்தது.

கர்நாடகக் காவல்துறைத் தலைவராக அப்போது இருந்த சி. தினகர் பிற்பாடு ஒரு புத்தகம் எழுதினார். பணம் கைமாறியது என்று அதில் குற்றம்சாட்டினார். கொடுக்கவில்லை என்று கர்நாடக அரசு மறுத்தது. தூது போனவர்களோ தங்கள் வேண்டுகோளை ஏற்று மனிதநேயத்தோடு விடுவித்தார்கள் என்றார்கள்.

ஐந்து பேர் வெளியே வரவில்லை. 51 பேர் வெளியே வரவில்லை. திருவள்ளுவர் சிலை திறக்கப்பட இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. பத்துக் கோரிக்கையில் ஒன்றுகூட முழுதாகக் கைக்கு வராத நிலையில், நவம்பர் 7-க்கும் 15-க்கும் இடைப்பட்ட எட்டே நாளில் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டது என்ன? அது ஒரு சொல்லா, ஒரு வாக்குறுதியா, தினகர் சொல்லும் பணமா? வீரப்பனோடு காட்டில் இருந்த, தமிழரசனின் வழிவந்த அந்த இளைஞர்கள் தங்கள் தோழர்கள் ஐவரையும் சிறையிலேயே விட்டுவிட்டு இந்த விடுதலைக்கு ஏன் சம்மதித்தார்கள்?

(தொடரும்)